பாதி டீம் காய்ச்சலில். லிபரோ செட்டராக இறங்கலாமா?

கடிதம் எழுதியவர் தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். சொந்த ஊர் குடவாசல் அருகே ஒரு கிராமம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த சீட், விடுதி வாசம். பள்ளிக்கூட நாளிலிருந்தே வாலிபாலில் லிபரோ, அதாவது தனிச் சட்டையோடு பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுப்பவர். உயரம் 154 சென்டிமீட்டர். (ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஐப்பசி அடைமழையோடு விடுதிக்குள் காய்ச்சலும் புகுந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் பட்டியலில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். அதில் செட்டரும் (அடிப்பவருக்கு இரண்டாவது பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஒருவர், இவருடைய அறைத்தோழி. அவருக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் வந்து, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். “உனக்குத்தான் கை பதமா இருக்கு, நீ செட்டரா நில்லு” என்று பி.டி. மேடம் சொல்லிவிட்டார். இவருக்கு உதறல். பழகாத இடத்தில் ஆடினால் அடிபடுமா? முடியாது என்று சொன்னால் கோட்டா சீட்டுக்கு ஆபத்து வரும் என்கிறார்களே, உண்மையா? லிபரோ சட்டையைப் போட்டுக்கொண்டே செட் பண்ணிவிடலாம் என்று ஒரு சீனியர் யோசனை சொல்கிறாரே, சரிதானா? தோழி போட்டிக்கு முந்தின நாள் வீடு திரும்பிவிடுவாளாம், அவளையே இறக்கிவிட்டால் என்ன?

நான்கு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தின் அடியில், அம்மா விடுதிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதை எழுதும் இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: “எனக்கும் போன வாரம் மூணு நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி. மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு. மேடம்கிட்ட சொல்லல.”

வரிசையில் காத்திருக்கும் மற்ற கடிதங்களைத் தாண்டி இதை முதலில் எடுத்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். இந்தப் பதிலின் சுருக்கத்தை அவருக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடைசி வரி

செட்டர் விஷயம் அப்புறம் இருக்கட்டும் அம்மா, முதலில் காய்ச்சலைப் பேசிவிடுவோம். நான்கு பக்கமும் ஆடும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். மருத்துவராக எனக்கு அது சின்னக் கவலைதான்.

டெங்கு வந்த தோழியும் நீங்களும் ஒரே அறை. அவரைக் கடித்த கொசு உங்களைக் கடிக்காமல் விட்டிருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. மூன்று நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. இது சாதாரண வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. “மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு” என்பதுதான் இதில் தவறான கணக்கு. பாரசிட்டமால் சூட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியம், டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து ஏறும் நேரம். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும்; ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்குவதும் அப்போதுதான். பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்கிறது என்று வீட்டார் நிம்மதியாகும் அந்த நாளில்தான் நாங்கள் வார்டில் கூடுதலாக ஒருமுறை போய்ப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தின் தேதிகளைக் கூட்டிப் பார்த்தால், காய்ச்சல் தொடங்கி இன்றைக்கு ஏழெட்டு நாள் ஆகிறது. டெங்குவாகவே இருந்தாலும் மோசமான கட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பை நம்பி நீங்கள் மைதானத்தில் இறங்கிக் குதிக்க வேண்டாம். நாளைக் காலையில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நடந்ததைச் சொல்லி, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் டெங்கு பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 என்ற சோதனை முதல் ஐந்து நாளுக்குத்தான் நன்றாகப் பேசும். உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டதால், வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பார்கள். பிளேட்லெட் வழக்கமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கரை லட்சம் வரை இருக்கும்.

இதற்கிடையில் விடாத வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மாதவிலக்கில் வழக்கத்தைவிட அதிகப் போக்கு, எழுந்தால் தலைசுற்றல் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் வார்டனை எழுப்புங்கள்.

டெங்கு இல்லை என்றே வந்தாலும் ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. எந்த வைரஸ் காய்ச்சலிலும் சில பேருக்கு இதயத் தசையில் அழற்சி வரலாம். அரிதுதான். ஆனால் காய்ச்சல் உடம்போடு ஓடிக் குதிப்பது அந்த ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் கழுத்தை எல்லைக்கோடாக வைத்துச் சொல்வோம். மூக்கொழுகல், தும்மல் போலத் தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் லேசாக ஆடிப் பார்க்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளி, வயிற்றுப்போக்கு என்றால் ஆட்டமே கிடையாது. பயிற்சியில் நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சு வாங்கல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. போட்டி நாளில் முழங்கால் வலி என்றால் டைக்ளோபினாக் மாத்திரையோ “வலி ஊசி”யோ போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் பக்கத்து டீம்களில் உண்டு. பையில் யாராவது ஒருவர் அட்டை அட்டையாக வைத்திருப்பார். டெங்கு சந்தேகம் இருக்கும்போது டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் மூன்றையும் தொடக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். வலிக்கும் சூட்டுக்கும் பாரசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. நிலவேம்புக் குடிநீர் விடுதியில் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதைக் குடித்தது ஆடத் தகுதி வந்ததற்குச் சான்று ஆகாது.

தோழியை இறக்கலாமா?

கூடாது. அவர் “நான் வந்துடுறேண்டி” என்று போனில் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு, வீட்டுக்குப் போகலாம் என்பதற்கான சீட்டு. பிளேட்லெட் ஏறிய பிறகும் அசதி வாரக்கணக்கில் இழுக்கும். என்னிடம் வரும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு, டெங்கு விட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் குதிப்பதையும் விழுந்து பந்து எடுப்பதையும் நிறுத்தி வைக்கிறேன். அவர் டீமுக்கு உதவ வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. படுக்கையில் இருந்தபடியே உங்கள் பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு, எந்த அட்டாக்கருக்கு எவ்வளவு உயரத்தில் பந்து பிடிக்கும் என்று சொல்லட்டும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொசு விஷயமும் ஒரு வரி: டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் சாயங்காலமும்தான் மும்முரம். உங்கள் பயிற்சி நேரமும் அதேதான். அரைக்கால் டிராயருக்குப் பதில் முழு டிராக் போடுங்கள். மைதானத்தின் ஓரத்தில் டயர், தண்ணீர் டிரம், பிளாஸ்டிக் கப் என்று எதில் மழைநீர் நிற்கிறதோ அதைக் கவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்குங்கள்.

செட்டர் இடம் அவ்வளவு பயங்கரமா?

ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, மருத்துவரும் ஆடலாம் என்று சொன்னால், மேடத்தின் தேர்வு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஊர்ப் பக்கம் லிஃப்டர் என்பார்களே, அந்த இடத்துக்கு முதலில் வேண்டியது பந்தின் கீழே போய் நிற்கும் கால். லிபரோவுக்கு அது உண்டு. 154 சென்டிமீட்டர் உயரத்தில் உங்களை நடு பிளாக்கராக (வலை நடுவில் குதித்து எதிரணியின் அடியைத் தடுப்பவர்) நிறுத்தியிருந்தால் நானே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர். அங்கே பந்துக்குப் பந்து எம்பிக் குதிக்க வேண்டும். குதித்துப் பழகாத முழங்கால் ஒன்பது நாளில் அதற்குத் தயாராகாது.

செட்டராக உங்களுக்கு வரப்போகிற தொல்லை வேறு மாதிரி. முதல் பந்தைப் பார்த்ததும் பாய்வது உங்கள் ரத்தத்தில் ஊறியது. இனி அதை அடக்க வேண்டும். முதல் பந்தை நீங்களே எடுத்துவிட்டால் இரண்டாவது பந்தைத் தூக்க ஆள் இல்லை. இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். முதல் இரண்டு நாள் பயிற்சியில், எதிர்ப்பக்கம் சர்வீஸ் போடும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வலையோரம் ஓடிப் பழகுங்கள். கேலியாகத்தான் இருக்கும், வேலை செய்யும். அடுத்தது விசில். முதல் தொடுகையில், ஒரே அசைவில் பந்து இரண்டு கையிலும் அடுத்தடுத்துப் பட்டாலும் விட்டுவிடுவார்கள். அந்தச் சலுகை இரண்டாவது தொடுகைக்கு இல்லை; “டபுள்” என்று ஊதுவார்கள். இத்தனை வருடம் முதல் பந்தையே எடுத்துப் பழகிய கைக்கு இது புதுசு. அதனால் ஓடிக்கொண்டே விரலால் தூக்க வேண்டாம். போய் நின்று, பந்தை நெற்றிக்கு மேலே வாங்கி, ஒரே உயரமான பந்தாக இடது ஓரத்துக்குக் கொடுங்கள். எட்டாத பந்தை அண்டர்ஹேண்டில் தூக்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஒன்பது நாளில் வேகப்பந்து, பின்பக்கச் செட் என்று எதையும் புதிதாகக் கற்க வேண்டாம்.

அடிபடுமா என்று கேட்டீர்கள். படக்கூடிய இடம் இரண்டு: கணுக்கால், விரல். வாலிபாலில் கணுக்கால் பெரும்பாலும் பிசகுவது வலையடியில், குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் மிதித்துத்தான். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால் மீதி எதிர்ப்பக்கம் போனாலும் தப்பு இல்லை என்பது விதி. ஆக, வலையடியில் இரண்டு அணிக் கால்களும் ஒரே சாண் இடத்தில் வந்து இறங்கும். பின்வரிசையிலேயே வாழ்ந்த உங்களுக்கு இந்த நெரிசல் தெரியாது. என் யோசனை, முன்வரிசைக்கு வரும்போது பிளாக்குக்குக் குதிக்கவே குதிக்காதீர்கள். குதித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் உயரத்தில் அந்த பிளாக் பெரிதாக ஒன்றும் தடுக்கப் போவதுமில்லை. இரண்டடி பின்வாங்கி, தட்டிவிடும் டிப் பந்துகளை எடுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் இருக்காது. நடு பிளாக்கரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கட்டும்.

மைதானத்தையும் பாருங்கள். மழையில் நனைந்த நம் வண்டல் களிமண் ஷூவில் அப்பிக்கொண்டால் ஒவ்வொரு காலும் கால் கிலோ கூடும், அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். ஈரத் தரையில் பாய்ந்து பழகுவதைவிட, ஆடிட்டோரியத் திண்ணையில் நின்று சுவரில் இருநூறு பந்து தூக்குவது மேல்.

விரலுக்கு என் கையே சாட்சி. வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊர் களத்துமேட்டில் பொங்கல் ஆட்டம். லிஃப்டருக்கு அம்மை போட்டுவிட்டது, என்னை நிறுத்தினார்கள். மூன்றாவது பந்தோ நான்காவது பந்தோ, சுண்டுவிரல் நுனியில் நேராக வந்து இடித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் “சுளுக்குதான்” என்று பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். அந்த விரல் இன்றைக்கும் நேராக நீளாது. கையுறை மாட்டும்போதெல்லாம் அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார். உங்கள் விரலில் அடிபட்டால் யாரையும் இழுக்க விடாதீர்கள். ஐஸ் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

லிபரோ சட்டையிலேயே?

சீனியர் சொன்னது பாதிதான் சரி. லிபரோ பந்தைத் தூக்கலாம். ஆனால் வலையிலிருந்து மூன்று மீட்டரில் போட்டிருக்கும் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் தூக்கினால், அந்தப் பந்தை வலைக்கு மேலே வைத்து யாரும் அடிக்க முடியாது; அடித்தால் புள்ளி எதிரணிக்கு. கோட்டுக்குப் பின்னாலிருந்தோ அண்டர்ஹேண்டிலோ தூக்கினால் மட்டுமே அடிக்கலாம். லிபரோ முன்வரிசைக்கும் வர முடியாது. ஆக ஒரு முழு ஆட்டத்தையும் அப்படி ஓட்ட முடியாது. ஸ்கோர் ஷீட்டில் லிபரோ என்று பெயர் எழுதிவிட்டால், அந்த ஆட்டத்தில் நடுவில் செட்டராக மாறிக்கொள்ளவும் வழியில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே மேடம் உங்களைச் சாதாரண ஆட்டக்காரராக எழுத வேண்டும், சட்டையும் மற்றவர்கள் போடும் சட்டைதான். பின்வரிசையில் இருக்கும்போது நீங்கள் லிபரோவாகக் கற்ற அடக்கம் அப்படியே உதவும். பின்வரிசைச் செட்டரும் பிளாக் செய்யக் கூடாது, முன்பகுதியில் வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளவும் கூடாது.

கோட்டா பயம்

கடிதத்தை மறுபடி படித்தேன். சீட்டுக்கு ஆபத்து என்று மேடம் சொன்னதாக எங்கும் இல்லை. சீனியர்கள் சொன்னதாகத்தான் இருக்கிறது. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. டீமுக்குக் கிடைக்க வேண்டும், பயிற்சிக்கு வர வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். உடம்பு சரியில்லாமல் மருத்துவச் சான்றோடு ஓர் ஆட்டத்தை விடுவது வேறு, வராமல் மட்டம் போடுவது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்குத்தான் சான்று. நாளை மருத்துவமனையில் தரும் சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, நகலை மேடத்திடம் கொடுங்கள். இத்தனைக்குப் பிறகும் யாராவது எழுத்தில் மிரட்டினால் அப்போது ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம். இப்போதே அதற்கு ஓட வேண்டாம்.

“நான் ஆடலைன்னா டீமே இல்லை” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. உங்களையும் கழித்தால் ஏழு. களத்தில் ஆறு பேர் போதும், லிபரோ இருந்தே ஆக வேண்டும் என்றும் விதி இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் டீம் கொஞ்சம் தடுமாறும், நிற்காமல் போகாது. ஆனால் காய்ச்சலை மறைத்து இறங்கி, இரண்டாவது செட்டில் நீங்கள் மயங்கி விழுந்தால் மேடம் நிலைமை என்ன ஆகும் என்றும் ஒருமுறை யோசியுங்கள். அவருக்குத் தெரியாமல் அவரை அந்த இடத்தில் நிறுத்துவது நியாயம் இல்லை.

அதனால் இன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். “மேடம், போன வாரம் எனக்கும் மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சு, பயந்துக்கிட்டு சொல்லல. நாளைக்கு டெஸ்ட் எடுக்கறேன். நல்லா இருந்தா செட்டரா நிக்கறேன், இல்லன்னா எனக்குப் பதிலா ஒருத்தரை இப்பவே தயார் பண்ணிடுங்க.” இதில் அவர் கோபப்பட ஒன்றும் இல்லை. கோபப்பட்டாலும் ஒரு நாள்தான்.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் மீதி நாட்களை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் நடை, உட்கார்ந்தபடி சுவரில் பந்து தூக்குவது. மூன்றாம் நாள் பத்து நிமிட மெல்லோட்டம். அது சிரமமில்லாமல் போனால் நின்று செட் பண்ணுவது, மறுநாள் ஓடிப் போய்ச் செட் பண்ணுவது, அப்புறம்தான் முழு ஆட்டம். போட்டிக்கு முந்தின நாள் ஓய்வு. தினமும் காலையில் படுக்கையிலிருந்து எழும் முன்பு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். உங்கள் வழக்கமான எண் எவ்வளவு என்று தெரியாதென்றால், நாளைக்கே எண்ணத் தொடங்கிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெங்கு என்று வந்துவிட்டால் இந்தப் போட்டி உங்களுக்கு இல்லை. தோழியோடு சேர்ந்து வீடியோ பார்க்கும் வேலைதான்.

இந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள், கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும்.